ராஜாஜியும் விற்பனை வரியும்

"சுதந்திரா கட்சி என்பது மகாராஜாக்களும் மில் முதலாளிகளும் தங்கள் வரியைக் குறைத்துக்கொள்ள ஆரம்பித்த கட்சிதானே? ராஜாஜி அதற்குக் கொள்கை முலாம் பூசினார், அவ்வளவுதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, இன்றைக்கு ஜிஎஸ்டி பற்றிப் புலம்புகிறவர்கள் எல்லாம் ராஜாஜியைத் துணைக்கு இழுக்கிறார்களே, அதில் நியாயம் உண்டா என்றும்.

முதல் கேள்விக்குப் பாதி ஆமாம். இரண்டாவதற்கு வருமுன் ஒரு விஷயம். ராஜாஜியை இழுப்பவர்களில் பலருக்கு இது தெரிவதில்லை: இந்தியாவில் பொது விற்பனை வரியை முதன்முதலில் கொண்டுவந்தவரே அவர்தான். முப்பது வருஷம் வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதி, வணிகவரி ஆபீஸ் படி ஏறி இறங்கியவன் நான். ஒரு வகையில் என் சோற்றுக்கு வழி செய்தவர் அவர். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1937இல் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமர் (அப்போது முதலமைச்சருக்கு அதுதான் பெயர்). அந்த வருஷம் அக்டோபர் 1ஆம் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது. அடுத்தடுத்து வேறு சில ஜில்லாக்களுக்கும் போனது. கள்ளுக்கடை, சாராயக்கடை மூலம் வந்த பணம் மாகாணத்துக்குப் பெரிய வரவு. அதை நிறுத்தினால் கஜானாவில் ஓட்டை விழும். அந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் 1939ஆம் வருஷத்துச் சென்னை பொது விற்பனை வரிச் சட்டம். சின்னக் கடைகளுக்கு விலக்கு. மற்றவர்களுக்கு மொத்த விற்றுமுதல் மீது வரி. விகிதம் நூற்றுக்கு ஒன்றைக்கூட எட்டவில்லை. வியாபாரிகள் சும்மா இருக்கவில்லை, கடுமையாகவே எதிர்த்தார்கள்.

அதன் அமைப்பைக் கவனியுங்கள். நீ எவ்வளவு லாபம் சம்பாதித்தாய், வீட்டில் எத்தனை பவுன் இருக்கிறது, பெண் கல்யாணத்துக்கு எவ்வளவு செலவழித்தாய் என்று அது கேட்கவில்லை. சிட்டையையும் பேரேட்டையும் காட்டு, எவ்வளவு விற்றாய் என்று சொல், இவ்வளவு கட்டு, போ. அதிகாரிக்கு நினைத்தபடி கூட்டவோ குறைக்கவோ இடம் குறைவு. பிற்காலத்தில் அந்த வரி எப்படி ஆனது என்பது வேறு கதை. ஆளுக்கொரு அட்டவணை, பண்டத்துக்கொரு விகிதம், வெளிமாநில வியாபாரத்துக்கு சி ஃபாரம் என்ற படிவம், செக்போஸ்ட் என்று வளர்ந்துபோனது. எங்களைப் போன்றவர்களுக்குப் பிழைப்பும் அப்படித்தான் வந்தது.

1939 அக்டோபரில் காங்கிரஸ் மந்திரிசபை ராஜினாமா செய்தது. போர்க் காலத்தில் கவர்னர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்தி வைத்தது. எதற்காக வரி வந்ததோ அது போய்விட்டது. வரி போனதா? போகவில்லை. 1941இல் வங்காளமும் பஞ்சாபும் அதே வழியைப் பிடித்துக்கொண்டன. சுதந்திரத்துக்குப் பிறகு மாநிலங்களின் கஜானாவுக்கே அது முதுகெலும்பானது.

ஆக, ராஜாஜி வரியையே வெறுத்தவர் என்ற பேச்சு நிற்காது. அப்படியானால் எதை எதிர்த்தார்? அதற்கு எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்கிறேன்.

என் தாத்தா தஞ்சை ஜில்லாவில் நிலம் வைத்திருந்தவர். 1940களின் கடைசியில் பெரிய அத்தைக்கு மதுரையில் கல்யாணம். ஊரெல்லாம் ரேஷன், உணவுக் கட்டுப்பாடு. ஜில்லா எல்லை தாண்டி அரிசி கொண்டுபோக பர்மிட் வேண்டும். சொந்த வயலில் விளைந்து சொந்தப் பத்தாயத்தில் கிடந்த நெல்தான். குத்தி எடுத்துப் போக ஒரு கையெழுத்து வேண்டும். தாலுகா ஆபீஸுக்கு நாலு நாள் நடந்தார். கல்யாணப் பத்திரிகை அச்சடித்தாயிற்றா, எத்தனை இலை விழும், அதற்கு என்ன அத்தாட்சி என்றெல்லாம் குமாஸ்தா கேட்டாராம். எத்தனை இலை விழும் என்பதற்கு யார் அத்தாட்சி கொடுக்க முடியும்? கடைசியில் கேட்டதில் மூன்றில் ஒரு பங்குக்கு அனுமதி கிடைத்தது. மீதி அரிசி சீர்ப் பாத்திரத்தோடு பாத்திரமாக, அண்டாவுக்குள் போய், மேலே பட்டுப்புடவையைப் போட்டு மூடிக்கொண்டு மதுரை போய்ச் சேர்ந்தது. "என் நெல்லை நானே திருடிண்டு போனேன்டா" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

1952 ஏப்ரலில் ராஜாஜி மறுபடி முதலமைச்சரானார். ஜூன் மாதத்தில் அந்தக் கட்டுப்பாடு, ரேஷன் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். டில்லியில் உணவு மந்திரியாக இருந்த ரஃபி அகமது கித்வாய் இதற்கு அனுசரணையாக இருந்தார். விலை எகிறும், பதுக்கல்காரன் கொழுப்பான் என்று எச்சரித்தவர்கள் உண்டு. பயந்தபடி நடக்கவில்லை. எங்கள் வீட்டில் ராஜாஜி என்றால் அதற்காகத்தான் மரியாதை. குலக்கல்வி, இந்தி என்றால் வீடு இரண்டாகப் பிரிந்துவிடும். அரிசி என்றால் எல்லோரும் ஒரே கட்சி.

"பர்மிட் லைசென்ஸ் கோட்டா ராஜ்" என்று அவர் பின்னால் சொல்லிச் சொல்லி நிலைக்க வைத்த சொல் இந்த மாதிரி அனுபவத்திலிருந்து வந்தது என்றே நான் நினைக்கிறேன். 1959 ஜனவரியில் நாக்பூரில் காங்கிரஸ், விவசாயிகள் நிலத்தை ஒன்றாகச் சேர்த்துப் பயிரிட வேண்டும் என்ற கூட்டுறவுப் பண்ணைத் தீர்மானம் போட்டது. அதை எதிர்த்து அந்த வருஷம் ஜூனில் சென்னையில் சுதந்திரா கட்சி அறிவிக்கப்பட்டு, ஆகஸ்டில் பம்பாயில் முறைப்படி ஆரம்பமானது. ராஜாஜிக்கு வயது 80. தலைவர் என்.ஜி. ரங்கா, ஆந்திராவின் விவசாயிகள் இயக்கத்திலிருந்து வந்தவர். பொதுச்செயலாளர் மினூ மசானி. ஒரே கட்சி எதிர்ப்பில்லாமல் ஆண்டால் நிதானம் தப்பும், இழுத்துப் பிடிக்க வலதுபுறத்தில் ஒரு கட்சி வேண்டும் என்பது ராஜாஜியின் வாதம். பழமைவாதி என்ற பட்டத்துக்கு அவர் கூச்சப்பட்டதில்லை.

லைசென்ஸ் விஷயத்துக்கு வருவோம். 1951ஆம் வருஷத்துத் தொழில்கள் (வளர்ச்சி, ஒழுங்குமுறை) சட்டத்தின் கீழ் குறிப்பிட்ட தொழில்களில் ஆலை தொடங்க, இருக்கிற ஆலையைப் பெரிதாக்க, அதே ஆலையில் வேறு பண்டம் செய்ய, எல்லாவற்றுக்கும் டில்லியின் அனுமதி தேவை. இறக்குமதிக்குத் தனி லைசென்ஸ். மூலப்பொருளுக்குக் கோட்டா. ஏழைகளைக் காக்கத்தான் இதெல்லாம் என்று சொல்லப்பட்டது. நடந்தது என்ன? 1960களில் பொருளாதார நிபுணர் ஆர்.கே. ஹசாரி அரசாங்கத்துக்காகச் செய்த ஆய்வில் ஒரு சங்கதி வெளிவந்தது. பிர்லா குழுமம் போன்ற பெரிய தொழில் குடும்பங்கள் விண்ணப்பத்துக்கு மேல் விண்ணப்பமாகப் போட்டு லைசென்ஸ்களை வாங்கிக் குவித்து, அடுத்தவன் உள்ளே வராமல் இடத்தைப் பிடித்து வைத்திருந்தன. ரயிலில் துண்டு போட்டு சீட் பிடிக்கிற வேலைதான்.

அதனால்தான் உங்கள் முதல் கேள்விக்குப் பாதி ஆமாம் என்றேன். மகாராஜாக்கள் சுதந்திராவில் இருந்தார்கள், உண்மை. ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவி 1962இல் அந்தக் கட்சியில் நின்று பிரமாண்டமான வித்தியாசத்தில் ஜெயித்தார். முதலாளிகள் கதை வேறு. லைசென்ஸ் ராஜ்யத்தில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது போக வேண்டும் என்ற அவசரமே இல்லை. அனுதாபம் உள்ளவர்களும் பணம் கொடுக்கப் பயந்தார்கள். நாளைக்கு லைசென்ஸுக்குப் போய் நிற்க வேண்டியது காங்கிரஸ் மந்திரியிடம். 1961இல் ஜே.ஆர்.டி. டாட்டா சுதந்திராவுக்கும் நன்கொடை கொடுக்கத் தீர்மானித்தபோது நேருவுக்குக் கடிதம் எழுதித் தெரிவித்தார். எதிர்க்கட்சிக்கு நன்கொடை கொடுப்பதைப் பிரதமருக்கு எழுதிச் சொல்ல வேண்டியிருந்தது என்பதிலேயே காலம் தெரிகிறது. (நேரு நாகரிகமாகவே பதில் எழுதினார், அதையும் சொல்ல வேண்டும்.)

இப்போது வரி. 1956இல் கேம்பிரிட்ஜ் பொருளாதார நிபுணர் நிக்கோலஸ் கால்டார் இந்தியா வந்து ஓர் அறிக்கை கொடுத்தார். சொத்து வரி, செலவு வரி, நன்கொடை வரி எல்லாம் போடுங்கள், ஆனால் வருமான வரியின் உச்ச விகிதத்தை 45 சதவீதத்துக்கு இறக்கிவிடுங்கள் என்பது அவர் சொன்ன மொத்தக் கணக்கு. நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி முதல் பாதியை எடுத்துக்கொண்டார். சொத்து வரியும் செலவு வரியும் 1957இல் சட்டமாயின, நன்கொடை வரி 1958இல். உச்ச விகிதத்தைக் கொஞ்சம் இறக்கினார்கள். 45 பக்கமே போகவில்லை. மருந்துச் சீட்டில் பாதி மருந்தை மட்டும் வாங்கிய கதை. செலவு வரியால் வசூல் சொற்பம். 1962இல் அப்போதைய நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் நீக்கினார், 1964இல் டி.டி.கே. திரும்பக் கொண்டுவந்தார், 1966இல் மறுபடி போனது. ஒருவன் ஒரு வருஷத்தில் எதற்கெல்லாம் செலவழித்தான் என்று வீட்டுக் கணக்கைப் புரட்டும் வரி அது. ராஜாஜியின் 1939 சட்டத்துக்கு நேர் எதிர் சுபாவம்.

1970களின் தொடக்கத்தில்தான் உச்சகட்டம். 2 லட்சத்துக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 85 சதவீத வரி, அந்த வரியின் மேல் 15 சதவீத சர்சார்ஜ். பெருக்கிப் பாருங்கள்: 97.75. அதாவது அந்த மட்டத்துக்கு மேல் ஒருவன் நூறு ரூபாய் சம்பாதித்தால் கையில் நிற்பது 2 ரூபாய் 25 காசு. சொத்து வரி தனி. சொத்து அதிகம் உள்ளவனுக்கு இரண்டும் சேர்ந்து நூறைத் தாண்டிவிடும். சம்பாதிக்காமல் திண்ணையில் படுத்துத் தூங்கியிருந்தால் லாபம்.

கட்டினார்களா? நான் தொழிலுக்கு வந்தபோது பழைய முதலாளிகள் சொல்லித்தான் கேட்டேன். இரும்புப் பெட்டியில் ஒரு பேரேடு, தலையணைக்கடியில் ஒரு துண்டுச் சீட்டுக் கட்டு. பில் போட்டால் ஒரு விலை, போடாவிட்டால் ஒரு விலை. பத்திரத்தில் எழுதும் தொகை வேறு, மஞ்சள் பையில் கைமாறும் தொகை வேறு. கணக்குப்பிள்ளை என்றால் இரண்டு கையால் எழுதத் தெரிந்தவன். உண்மையாகக் கட்டிய ஒன்றிரண்டு பேர் ஊரில் அசடு என்று பெயர் வாங்கினார்கள். நேர்மையாக இருக்க முடியாதபடி சட்டம் போட்டால் எல்லோரும் குற்றவாளி ஆவார்கள், எல்லோரும் குற்றவாளி என்றால் யாரைப் பிடிப்பது யாரை விடுவது என்பது அதிகாரி இஷ்டம். வலதுசாரி விமர்சனத்தில் எனக்கு மிகவும் வலுவாகப் படுவது இந்த இடம்தான். இதைச் சொன்னவர்கள் சுதந்திராக்காரர்கள் மட்டுமில்லை. அரசாங்கமே போட்ட வாஞ்சூ கமிட்டி 1971இல் கொடுத்த அறிக்கையில், வரி ஏய்ப்புக்கு உச்ச விகிதமே ஒரு முக்கியக் காரணம், 75க்கு இறக்குங்கள் என்று சொன்னது. 1974-75இல் 77 ஆனது. பிறகு படிப்படியாக 66, 1985இல் 50, 1997இல் 30.

தங்கக் கட்டுப்பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. சீனப் போர் முடிந்த கையோடு, 1963 ஜனவரியில், மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது வந்தது. இனிமேல் செய்யும் நகை 14 காரட்டுக்கு மேல் இருக்கக்கூடாது. அந்நியச் செலாவணி கரைகிறது, கடத்தல் பெருகுகிறது என்பது காரணம். பொய்யான காரணம் இல்லை. ஆனால் குமிட்டி அடுப்பும் ஊதுகுழலும் உரைகல்லும் வைத்துத் திண்ணையில் வேலை செய்த பத்தருக்கு இதன் அர்த்தம் என்ன? 24இல் 14 பங்குதான் தங்கம், மீதி பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். நிறம் வராது. அடித்தால் 22 காரட் மாதிரி வளைந்து கொடுக்காது. அதில் தாலி செய்து கொடுத்தால் எந்தப் பெண்வீட்டார் வாங்குவார்கள்? நாடு முழுக்கப் பத்தர்கள் வேலை இழந்தார்கள், தற்கொலைகள் நடந்தன. ராஜாஜி இதைத் தீவிரமாக எதிர்த்தார். 14 காரட் விதி பிறகு கைவிடப்பட்டாலும், கட்டுப்பாட்டுச் சட்டம் என்ற ஒன்று 1990 வரை இருந்தது. அதுவரை கடத்தல் நின்றதா என்று அந்தக் காலத்துத் தமிழ் சினிமா வில்லன்களைக் கேட்டால் தெரியும்.

இவ்வளவு சொல்லிவிட்டு மறுபக்கத்தை விட்டால் நான் வக்கீல் ஆகிவிடுவேன்.

அரசாங்கம் எல்லை மீறுவதைப் பற்றிப் பேசிய ராஜாஜி, தன் கையில் அதிகாரம் இருந்தபோது என்ன செய்தார்? பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். எதிர்த்தவர்களைக் குற்றவியல் திருத்தச் சட்டத்தின் கீழ் சிறைக்கு அனுப்பினார். 1953இல் பள்ளி நேரத்தைப் பாதியாக்கி, மீதி நேரம் பிள்ளைகள் அப்பன் தொழிலைப் பார்க்கட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று பெயர் வாங்கி, அடுத்த வருஷம் அவர் பதவியையே கொண்டுபோனது அது. மதுவிலக்கும் ஒருவன் மாலையில் என்ன குடிக்கிறான் என்பதில் சர்க்கார் தலையிடுவதுதானே? பத்தரின் திண்ணைக்கு அதிகாரி வரக்கூடாது, பனையேறியின் மரத்தடிக்கு வரலாம் என்றால் கணக்கு உதைக்கிறது. சந்தையில் அரசு கை வைத்தால் அவருக்குக் கோபம் வரும். ஒழுக்கம், கல்வி, மொழி என்று வரும்போது அதே கை நியாயமாகத் தெரிந்தது. பழமைவாதிகள் பலரிடம், உலகம் முழுக்க, இந்த முரண் உண்டு. ராஜாஜியிடம் அது பளிச்சென்று தெரிகிறது, ஏனென்றால் இரண்டையும் அவர் முழு மனதோடு செய்தார்.

நில விஷயத்திலும் சுதந்திராக்காரர்கள் வாதம் பலவீனமானதுதான். கேரள நிலச் சட்டம் ஒன்று ரயத்துவாரி நிலங்களுக்கு (ஜமீன்தார் நடுவில் இல்லாமல், நிலம் வைத்திருப்பவனே சர்க்காருக்கு நேராக வரி கட்டும் நிலங்கள்) செல்லாது என்று 1961இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும், அதைத் தாண்ட 1964இல் 17ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. சென்னை மாநிலத்தில் ரயத்துவாரிதான் அதிகம் என்பதால் இங்கே சூடும் அதிகம். நிலம் பிடுங்கப்படும், இழப்பீட்டுக்கு நீதிமன்றம் போக முடியாது என்று சுதந்திராக்காரர்கள் எதிர்த்தார்கள். நீதிமன்றக் கதவைச் சாத்துவது தவறு என்ற வரைக்கும் சரி. ஆனால் குத்தகைதாரனுக்கும் பண்ணையாளுக்கும் அவர்களிடம் என்ன பதில் இருந்தது? தாத்தாவின் அரிசிக் கதையை நூறு தடவை கேட்டிருக்கிறேன். அந்த நெல்லை நட்டவர்கள் யார், அறுத்தவர்கள் யார் என்பது அதில் ஒரு தடவைகூட வந்ததில்லை.

கட்சியின் முடிவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1962இல் மக்களவையில் 18 இடம். 1967இல் 44, எதிர்க்கட்சிகளில் முதலிடம். இங்கே அண்ணாவோடு கூட்டணி, சட்டமன்றத்தில் 20 இடம். ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்று அண்ணா வாக்குறுதி கொடுத்த தேர்தல் அது. அரிசிச் சந்தையிலிருந்து சர்க்காரை வெளியேற்றியவர் அந்த மேடையில் உட்கார்ந்திருந்தார். அப்புறம் வங்கி தேசியமயம், மன்னர் மானிய ஒழிப்பு, 1971 தேர்தல் என்று இந்திரா அலையில் 8 இடமாகச் சுருங்கி, 1974இல் சரண் சிங்கின் பாரதிய லோக் தளத்தில் கரைந்தது. ராஜாஜி அதைப் பார்க்க இல்லை. 1972 டிசம்பர் 25இல் போய்விட்டார்.

சரி, ஜிஎஸ்டி. ராஜாஜியின் அளவுகோலை வைத்துப் பார்த்தால் விகிதம் எத்தனை சதவீதம் என்பதைவிட, எவ்வளவு சட்டத்தில் எழுதியிருக்கிறது, எவ்வளவு அதிகாரி கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. செக்போஸ்டில் லாரி நிற்பது போயிற்று. அந்த மட்டும் அவர் மெச்சியிருப்பார். பதிவையே ரத்து செய்து கடையை முடக்கிவைக்கும் அதிகாரத்தை மெச்சியிருக்க மாட்டார். சப்ளையர் வரி கட்டவில்லை என்பதற்காக வாங்கியவனின் கிரெடிட்டை (சரக்கு வாங்கும்போது கொடுத்த வரியைத் தன் வரியில் கழித்துக்கொள்ளும் உரிமை) பிடித்துக்கொள்வதையும்தான். என் வாடிக்கையாளர் ஒருவர், சின்ன ஹார்டுவேர் கடைக்காரர், எவனோ ஒரு பெயின்ட் சப்ளையர் செய்த தப்புக்கு எட்டு மாதம் அலைந்தார்.

ராஜாஜி சொன்னதற்கு உண்மையான இன்றைய உதாரணம் வேண்டுமென்றால் 2012ஐப் பாருங்கள். வோடஃபோன் கம்பெனி மேல் போட்ட வரி வழக்கில் ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் தோற்ற அரசு, சில மாதத்திலேயே சட்டத்தைத் திருத்தி, 1962 முதலே அந்த வரி உண்டு என்று எழுதிக்கொண்டது. பந்தயம் முடிந்த பிறகு விதியை மாற்றுவது. அதைத் திட்டித் தீர்த்துவிட்டு 2014இல் ஆட்சிக்கு வந்தவர்கள் உடனே எடுத்தார்களா என்றால் இல்லை. அதை எடுக்க 2021 ஆகஸ்ட் ஆயிற்று, சர்வதேச நடுவர் தீர்ப்பாயங்களில் தோற்ற பிறகு. ராஜாஜியின் பெயரைச் சொல்கிறவர்கள் இந்த ஏழு வருஷத்தையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

ஒன்று விட்டுவிட்டேன். 1971இல் கலைஞர் மதுவிலக்கைத் தளர்த்தப்போகிறார் என்று தெரிந்ததும், வேண்டாம் என்று கேட்டுக்கொள்ள 92 வயது ராஜாஜி அவர் வீட்டுக்கே நேரில் போனார். பலிக்கவில்லை. 2003 முதல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கையில். ஜிஎஸ்டி 2017இல் வந்தபோது பழைய விற்பனை வரியின் வாரிசான வாட் (மதிப்புக் கூட்டு வரி) பெரும்பாலும் அதில் கரைந்தது. மாநிலங்கள் கையில் மிச்சம் வைத்துக்கொண்டவற்றில் முக்கியமானவை இரண்டு: ஒன்று பெட்ரோல் டீசல், இன்னொன்று மது. சாராய வருமானம் இல்லாமல் சர்க்கார் நடத்துவதற்காக 1939இல் ராஜாஜி கண்டுபிடித்த வரியின் பேரப்பிள்ளை, இன்றைக்கு டாஸ்மாக் பாட்டில் விலைக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது.